ஸை ம் ஸை? ஹாங்காங் சலவைக் கடைக்கு வேண்டிய கான்டனீஸ்

ஹாங்காங்கில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது, "அங்கே ஆங்கிலம் போதும், கவலைப்படாதே" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அலுவலகத்துக்கும் வங்கிக்கும் விமான நிலையத்துக்கும் அது போதும். நான் குடியேறிய ஷாம் ஷுய் போ பகுதியின் பழைய கட்டடங்களுக்குக் கீழே இருக்கும் கடைகளில் அது பாதிக்கூடப் போதாது. காய்கறிக் கடையில் விரலை நீட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். சலவைக் கடையில் அந்த வித்தை செல்லாது, ஏனென்றால் அங்கே ஒரு பொருளை வாங்கிக்கொண்டு வருவதில்லை, கொடுத்துவிட்டு வருகிறோம். நாம் வெளியே போன பிறகு அந்தத் துணிக்கு என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே வாயால் சொல்லியாக வேண்டும். சொல்லத் தெரியாததால் எனக்குப் போன பணமும் துணியும் கொஞ்சம் இல்லை. இனிமேல் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருப்பூர். பனியன் கம்பெனி, டையிங், செக்கிங் என்று துணிக்கு நடுவிலேயே வளர்ந்தவன். ஹாங்காங்கில் கிடைத்ததும் துணி வேலைதான். லாய் சி கோக் பக்கம் ஒரு பையிங் ஆபீஸில் மெர்ச்சண்டைசர். ஷ்ரிங்கேஜ் எத்தனை சதவீதம், சாயம் எந்த அளவு நிற்கும் என்று நாள் முழுக்க மெயில் போடுகிற ஆள். ஆனால் சாயங்காலம் என் சொந்தச் சட்டை சுருங்காமல் பார்த்துக்கொள்ள வார்த்தை கிடையாது. அறையில் வாஷிங் மெஷினும் கிடையாது. ஹாங்காங்கில் சம்பளத்துக்குத் தகுந்த வாடகைக்கு அறை தேடினால், கட்டில் போட்ட பிறகு திரும்பி நிற்க இடம் இருந்தாலே பெரிய விஷயம். மெஷின் வைக்கக் குழாய் வசதி இருக்கிறதா என்று வீட்டுத் தரகரிடம் முதலிலேயே கேளுங்கள். அந்த வசதிக்காக வாடகை கொஞ்சம் கூடினாலும் நஷ்டமில்லை. ஊரிலிருந்து அம்மா போன் பண்ணும்போதெல்லாம், "சாப்பிட்டியா கண்ணு"க்கு அடுத்த கேள்வி, "துணியெல்லாம் யாரு தொவைக்கிறா?" என்பதுதான். கடையில் கொடுக்கிறேன் என்பேன். அதற்கு மேல் விவரம் சொன்னதில்லை.

முதல் பணம் கிளம்புவதற்கு முன்பே போய்விட்டது. "சீன மொழி, ஆறு வாரத்தில்" என்று ஆன்லைனில் ஒரு வகுப்பு. 7,500 ரூபாய் கட்டிப் படித்தேன். இங்கே வந்து சலவைக் கடையில் பேசினால், கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தது மாண்டரின். ஹாங்காங் வீதியில் பேசுவது கான்டனீஸ். எழுத்து பெரும்பாலும் பொதுவானது, ஆனால் ஒன்றைக் காதால் கேட்டுப் பழகியவருக்கு மற்றது புரியாது. உடைக்கு மாண்டரினில் 'யீஃபு' என்பார்கள், இங்கே 'ஸாம்'. மாண்டரின் தெரிந்தவர்கள் இங்கே நிறைய உண்டு, நாம் பேசினால் புரிந்துகொள்ளவும் செய்வார்கள், ஆனால் பதில் கான்டனீஸில் வரும்போது நாம் விழிப்போம். 'சீன மொழி' என்று மொட்டையாக விளம்பரம் செய்கிற வகுப்பில் சேரும் முன், எந்தச் சீனம் என்று கேட்டுவிடுங்கள். கான்டனீஸ் என்று தனியாகச் சொல்லாவிட்டால் அது மாண்டரின் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சரி, கடைக்கு வருகிறேன். ஹாங்காங்கில் தெருவுக்கு ஒரு சலவைக் கடையாவது இருக்கும். நம் ஊரில் உருப்படிக் கணக்கு, அங்கே எடைக் கணக்கு. 'போங் ஸை' என்று சொல்வார்கள். போங் என்றால் பவுண்ட், ஸை என்றால் துவைப்பது. பையை அப்படியே தராசில் வைப்பார்கள். எங்கள் தெருக் கடையில் குறைந்தபட்சம் 8 பவுண்ட், அதாவது மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதற்கு 48 ஹாங்காங் டாலர். பையில் நான்கு பவுண்டே இருந்தாலும் அதே 48தான். துவைத்து, டிரையரில் காயவைத்து, மடித்து, மறுநாள் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்கள். தனி ஆளுக்கு ஒரு வாரத்துத் துணி சுமார் 8 பவுண்ட் வரும், ஆகையால் வாரம் ஒரு முறை போனால் கணக்கு சரியாக இருக்கும்.

எனக்கு மட்டும் அந்தக் கணக்கு சரியாக வரவே இல்லை. ஒவ்வொரு வாரமும் 96 டாலர் கேட்டார்கள். விலை ஏறிவிட்டது போல என்று முதலில் நினைத்தேன். சீட்டைப் பார்த்தால் இரண்டு வரியில் இரண்டு 48. கேட்பதற்கு மொழி இல்லை, பின்னால் வரிசை நிற்கிறது, கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். வெளிநாட்டுக்காரன் என்று ஏமாற்றுகிறார்கள் என்று மனதுக்குள் புகைச்சல் வேறு. சில மாதம் இப்படியே ஓடியது. கூட்டிப் பார்த்தால் ஆயிரம் டாலருக்கு மேல் போயிருக்கும்.

விஷயம் இதுதான். நான் பையை வைத்ததும் கடைக்கார அம்மா ஒரு கேள்வி கேட்பார்: "ஸை ம் ஸை ஃபன் ஹோய் ஸை?" போன் ஆப்பில் 'ஸை' என்றால் துவைப்பது என்று படித்திருந்த எனக்கு, துவைக்கணுமா வேண்டாமா என்று கேட்பதாகக் காதில் விழும். சலவைக் கடைக்கு வந்தவனிடம் இது என்ன கேள்வி? "ஸை, ஸை" என்று சொல்லித் தலையாட்டுவேன். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரிடம் ஒருநாள் இந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினேன். ஹாங்காங்கில் பிறந்து வளர்ந்தவர். காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கான்டனீஸில் ஸை என்று ஒரே ஒலியில், ஒரே ஏற்றத்தில் இரண்டு சொற்கள் உண்டாம். ஒன்று துவைப்பது. இன்னொன்று 'தேவை' என்ற பொருளிலும், 'செலவழி' என்ற பொருளிலும் வருவது. அந்த அம்மா கேட்டது, "தனித்தனியாகத் துவைக்கத் தேவையா?" என்று. வாக்கியத்தின் முன்பகுதியில் வரும் ஸைக்குப் பொருள் தேவை, கடைசி ஸைக்குத்தான் துவைப்பது. நான் வாராவாரம் "தேவை, தேவை" என்று சொல்லியிருக்கிறேன். அவரும் சொன்னபடியே வெள்ளைக்கு ஒரு மெஷின், நிறத்துணிக்கு ஒரு மெஷின் என்று போட்டு, இரண்டு குறைந்தபட்சக் கட்டணம் வாங்கியிருக்கிறார். ஏமாற்றவே இல்லை. பணத்தைச் செலவழிப்பதற்கும் பணத்தைச் சலவை செய்வதற்கும்கூட ஒரே உச்சரிப்புதான் என்று அந்த மேஜைக்காரர் சேர்த்துச் சொன்னார். உன் விஷயத்தில் இரண்டும் ஒன்றாகவே நடந்திருக்கிறது என்றார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழியைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். சட்டை, பேன்ட், சாக்ஸ் என்று பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தள்ளிப் போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் துணியைத் தூக்கிக் காட்டலாம். முதலில் அவர்கள் கேட்கும் கேள்விகளைப் படியுங்கள். கான்டனீஸ் கேள்வி பெரும்பாலும் வினைச்சொல்லை 'ம்' வைத்து இரட்டித்து வரும். 'ம்' என்றால் இல்லை, மாட்டேன். தேவையா என்பதற்கு 'ஸை ம் ஸை'. ஆமாவா இல்லையா என்பதற்கு 'ஹை ம் ஹை'. நல்லதா, ஆகட்டுமா என்பதற்கு 'ஹோ ம் ஹோ'. பதில் சொல்லும்போது அதே வினையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வேண்டுமானால் 'ஸை', வேண்டாமென்றால் 'ம் ஸை'. சும்மா தலையாட்டினால் எதற்கு ஆட்டினோம் என்று அவர்களாக முடிவு செய்வார்கள். நான் அடுத்த வாரம் போய் "ம் ஸை" என்றேன். 48 டாலர்தான் வாங்கினார்கள். அந்த ஒற்றை 'ம்' சொல்லத் தெரிந்ததற்கு எனக்கு வந்த சந்தோஷம், மாண்டரின் வகுப்பில் சான்றிதழ் வாங்கியபோதுகூட வரவில்லை.

துணி போனது வேறு கதை. ஊரில் தைத்துக் கொண்டுவந்த காட்டன் சட்டைகள், எங்கள் பகுதியிலேயே நெய்த துணி, கழுத்தும் கையும் அளவெடுத்துத் தைத்தது. போங் ஸையில் எல்லாத் துணியும் டிரையருக்குப் போகும். சூடு அதிகம். கைத்தறிக் காட்டனுக்கு அந்தச் சூடு ஆகாது என்று எனக்குத் தெரியும், தெரிந்ததைச் சொல்லத்தான் முடியவில்லை. சைகையில் காட்டினேன், அந்த அம்மா சிரித்துக்கொண்டே பையை உள்ளே தள்ளினார். ஐந்து சட்டை, துணியும் தையற்கூலியுமாகச் சேர்த்து ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது, பொத்தான் போட்டால் மூச்சு முட்டுகிறது. சீட்டின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருந்ததை ஆபீஸ் நண்பர் படித்துச் சொன்னார்: சுருங்கினாலோ சாயம் போனாலோ கடை பொறுப்பில்லை. அறைக்கு வந்து அந்தச் சட்டைகளைக் கட்டிலில் வரிசையாக விரித்துப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. சட்டைக்காக இல்லை. ஒரு வாக்கியம் தெரியாமல் போனதற்கு.

அந்த வாக்கியம் இதோ. "நீ கின் ம் ஹோ யுங் கோன் யீ கேய்." நீ கின் என்றால் இந்த ஒன்று (நம் 'நீ'யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). ம் ஹோ என்றால் வேண்டாம், கூடாது. யுங் என்றால் பயன்படுத்து. கோன் யீ கேய் என்பது டிரையர். இவ்வளவும் வாயில் வராவிட்டால் டிரையருக்குப் போகக் கூடாத துணியைத் தனியே எடுத்து வைத்து, "வூய் ஸுக் ஸோய்" என்று மட்டும் சொல்லுங்கள். சுருங்கிவிடும் என்று பொருள். உடனே புரிந்துகொள்வார்கள், ஏனென்றால் இது அவர்களே நாளுக்கு நாலு தடவை சொல்கிற சொல். சாயம் போகும் துணி என்றால் "வூய் லத் ஸிக்". குளிர்ந்த தண்ணீருக்குத் துங் ஸோய், சுடுதண்ணீருக்கு யித் ஸோய், கையால் துவைப்பதற்கு ஸௌ ஸை, டிரை கிளீனிங்குக்குக் கோன் ஸை. சின்னக் கடைகளில் கொடியில் காயவைக்க இடமே இருக்காது. டிரையர் வேண்டாம் என்றால் துணியை ஈரமாகவே பையில் போட்டுத் தந்துவிடுவார்கள், நாம்தான் வீட்டில் காயவைத்துக்கொள்ள வேண்டும். கடைக்குக் கூட்டம் குறைந்த நேரத்தில் போவதும் ஒரு உபாயம். சாயங்காலம் ஏழு மணிக்குப் பேச ஆரம்பித்தால் பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சிலேயே பாதிச் சொல் மறந்துபோகும். காலையில் போனால் அந்த அம்மாவே திருத்திச் சொல்லித் தருவார். கடைக்கார அம்மாவை 'லோ பான் நோங்' என்று கூப்பிட்டால் முதலாளியம்மா என்று மரியாதை கொடுத்தது போல. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் 'ம் கோய்' சேர்த்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து, நன்றி இரண்டுக்கும் அதுவே.

வேட்டி விஷயம் சொல்லாமல் போனால் மனசு ஆறாது. பொங்கலுக்கு நண்பர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சரிகைக் கரை வேட்டியை டிரை கிளீன் செய்யக் கொடுத்தேன். விலைப் பட்டியலில் கோட்டு உண்டு, பாவாடை உண்டு, திரைச்சீலை உண்டு, வேட்டி கிடையாது. அந்த அம்மா வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்து, "ச்ஹோங் தான்" என்று சீட்டில் எழுதிவிட்டார். படுக்கை விரிப்பு. "ம் ஹை ச்ஹோங் தான்" என்று மறுத்தேன். அப்புறம் அது என்னவென்று சொல்வது? இருப்பதில் பக்கத்துச் சொல்லாக, 'க்ஹுவன்' என்றேன். பாவாடை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நாம் யன் ஜோக் க்ஹுவன்?" என்று கேட்டார். ஆம்பளை பாவாடை கட்டுவானா? வரிசையில் நின்றவர்கள் எல்லாருமே திரும்பினார்கள். போனில் வேட்டி கட்டிய போட்டோவைக் காட்டிய பிறகு, "லெங் ஜை!" என்றார். அழகான பையன் என்று பொருள். ரொம்பப் பூரித்துப்போக வேண்டாம், அங்கே கடைக்காரர்கள் எல்லா இளைஞர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கட்டணம் படுக்கை விரிப்புக்கே போட்டார், பாவாடையைவிட அது மலிவு, நான் வாயைத் திறக்கவில்லை. வேட்டி திரும்பி வந்தபோது கரை எல்லாம் உள்ளே போய், சதுரமாக, விரிப்பு மடிப்பில்தான் இருந்தது.

பெயர்களைவிட முந்திக் கற்க வேண்டியது எண்ணோடு சேரும் சொற்கள். நாம் 'நாலு சட்டை' என்று நேராகச் சொல்லிவிடுவோம். கான்டனீஸில் எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் அதற்கென்று ஒரு அளவைச் சொல் வந்தாக வேண்டும். மேலுடைக்குக் கின். பேன்ட், பாவாடை, டவல், டை போல நீளமாகத் தொங்குவதற்கு த்ஹியூ. ஷூ, சாக்ஸ் ஜோடிக்குத் தோய், ஜோடியில் ஒன்று மட்டும் என்றால் ஜெக். கோட்டும் பேன்ட்டுமாகச் சேர்ந்த சூட்டுக்கு த்ஹோ. விரிப்புக்கும் ரஜாய்க்கும் ஜோங். இதில் ஒரு வசதி உண்டு. பொருளின் பெயர் மறந்துபோனாலும் அளவைச் சொல்லை வைத்தே தப்பிக்கலாம். ஒரு சாக்ஸ் காணாமல் போனபோது எனக்கு சாக்ஸுக்கான சொல் நினைவுக்கு வரவில்லை (மத்). கையில் இருந்த ஒன்றைக் காட்டி "யத் ஜெக்" என்றேன், ஒற்றைதான் இருக்கிறது என்று. உடனே உள்ளே போய் டிரையரைத் தடவி எடுத்து வந்தார்.

இனி வருவது தமிழ் நாக்குக்கென்றே உள்ள ஆபத்து. எந்தப் பாடப் புத்தகத்திலும் இதை நான் பார்க்கவில்லை. நம் எழுத்தில் த ஒன்றுதான். கான்டனீஸில் இரண்டு, மூச்சு விடாத த, மூச்சோடு வெடிக்கும் த்ஹ. பேன்ட்டுக்கு வரும் த்ஹியூவில் மூச்சு வேண்டும். மூச்சை விழுங்கி, நம் 'தியாகம்' போலத் தொடங்கிக் குரலையும் கொஞ்சம் மேலே ஏற்றினால், அது அந்த மொழியின் மோசமான கெட்ட வார்த்தைகளில் ஒன்று ஆகிவிடும். "ஒரு பேன்ட்" என்று நல்ல பிள்ளையாகச் சொல்ல நினைத்து, ஒரு பாட்டியின் எதிரில் நின்று அதைச் சொல்லும் நிலை உங்களுக்கு வர வேண்டாம். வாய்க்கு முன்னால் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள். த்ஹியூ என்னும்போது தாள் ஆட வேண்டும். த்ஹோ, ச்ஹோங், க்ஹுவன் எல்லாவற்றுக்கும் இதே பயிற்சிதான். இன்னொன்று, மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் நாம் போடுகிற உகரம். பஸ்ஸு, ஷர்ட்டு என்கிற பழக்கம். ஈரத்துக்கு 'ஸப்', உதட்டை மூடியதோடு நிற்க வேண்டும், ஸப்பு என்று திறக்கக் கூடாது. மத், ஜெக், ஜோக் எல்லாம் அப்படியே. நமக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. சொல்லின் முதலில் ங வருவதைக் கண்டு மற்ற வெளிநாட்டுக்காரர்கள் திணறுவார்கள். 'ஙப்போல் வளை' படித்த நமக்கு ஜீன்ஸுக்கான 'ஙௌ ஜை ஃபூ' சுலபமாக வரும். ஐந்து என்ற எண்ணுக்கு வெறும் 'ங்' மட்டும்தான் ஒலி.

சுருதியை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்தை, ஒதுக்கிவிட்டுக் கான்டனீஸ் படிக்க முடியாது. ஆறு சுருதி. 1993இல் ஹாங்காங் மொழியியல் சங்கம் வகுத்த யூட்பிங் என்ற முறையில் சொல்லுக்குப் பின்னால் 1 முதல் 6 வரை எண் போடுவார்கள். நானும் தமிழில் எழுதிப் பக்கத்தில் எண் போட்டே நோட்டில் வைத்துக்கொண்டேன். ஸப்1 என்று உயரமாகச் சொன்னால் ஈரம், ஸப்6 என்று தாழ்த்திச் சொன்னால் பத்து. ஸை2 என்று மேலே ஏற்றினால் துவைப்பது, ஸை3 என்று நடுவில் நிறுத்தினால் சின்னது. ஸாம்1 என்றால் உடை, அதே ஸாம்1தான் மூன்றுக்கும். மூன்று உடை 'ஸாம் கின் ஸாம்'. சுருதி தப்பினாலும் கடையில் இடத்தை வைத்துப் புரிந்துகொள்வார்கள், ஆகையால் சுருதிக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளத் தேவையில்லை. எண்கள் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். சீட்டுத் தொலைந்தால் போன் நம்பரைத்தான் கேட்பார்கள், அதை ஒவ்வொரு எண்ணாகக் கான்டனீஸில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கொடுத்த துணி எப்போது கிடைக்கும் என்பதற்கு "கேய் ஸி லோ தக்?" பதிலாக 'த்ஹிங் யத்' வந்தால் நாளை, 'ஹௌ யத்' வந்தால் நாளை மறுநாள்.

வீட்டில் காயவைக்கிற கதை பிப்ரவரி கடைசியில் ஆரம்பிக்கும். குளிர் முடிந்து கடல் பக்கமிருந்து ஈரக் காற்று வரும்போது சுவரே வியர்க்கும். 'வூய் நாம் த்ஹின்' என்று அந்தப் பருவத்துக்கே பெயர் இருக்கிறது. அப்போது கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது, காய்ந்தாலும் முடை நாற்றம் போகாது. என் தோல் செருப்பிலும் பெல்ட்டிலும் பூஞ்சை பிடித்தது. அந்த வாரங்களில் டிரையரைத் திட்டாதீர்கள், அதுதான் துணை. முடிந்தால் 'ச்ஹௌ ஸப் கேய்', அதாவது காற்றில் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்குங்கள். நான் பழையது ஒன்றை 400 டாலருக்கு வாங்கினேன். ஒரு இரவில் தொட்டி நிறையத் தண்ணீர் எடுக்கும். பழைய அரசுக் குடியிருப்புகளில் சன்னலுக்கு வெளியே சுவரில் மூன்று குழாய்கள் பதித்திருப்பதைப் பார்க்கலாம். மூங்கிலில் துணியைக் கோர்த்து அதில் செருகுவார்கள். எட்டிச் செருகும்போது ஆட்கள் விழுந்த சம்பவங்கள் உண்டு, அதனால் பல இடங்களில் மாற்றிவிட்டார்கள். அந்த மூன்று குழாய்க்கு 'ஸாம் ஜீ ஹோங்' என்று பட்டப்பெயர், மூன்று ஊதுபத்தி. சாமி கும்பிட ஏற்றுகிற அதே மூன்று ஊதுபத்திதான், இருட்டு நகைச்சுவை. காயப்போடுவது 'லோங் ஸாம்', எடுப்பது 'ஸௌ ஸாம்', மடிப்பது 'ஜிப் ஸாம்', இஸ்திரி போடுவது 'த்ஹோங் ஸாம்'. குளிர்காலக் கம்பளிச் சட்டைக்கு 'லாங் ஸாம்', காயப்போடுவதோடு குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த லாங் பிரெஞ்சிலிருந்து வந்தது என்பார்கள். ஷர்ட் இங்கே 'ஸோத் ஸாம்' ஆனதும், டை 'த்ஹாய்' ஆனதும் ஆங்கிலத்திலிருந்து.

போர்டைப் படிக்கப் பழகும்போது ஒரு குழப்பம் வரும். கடைப் பலகையில் 'ஸை யீ' என்று எழுதியிருக்கும், வாயில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், 'ஸை ஸாம்' என்பார்கள். எழுத்து வேறு, பேச்சு வேறு. நமக்கு இது புதிதில்லை. அகராதியில் எழுத்து வடிவம்தான் முதலில் வரும், அதைக் கடையில் சொன்னால் புரியும், ஆனால் சிரிப்பார்கள். முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு, சிறுபான்மை இனத்தவருக்காக அரசு நிதியில் நடக்கும் 'சியர்' என்ற மையம் இருக்கிறது, கான்டனீஸ் வகுப்பும் போன் வழி மொழிபெயர்ப்பும் உண்டு. மொழிபெயர்ப்புப் பட்டியலில் இந்தி, உருது, நேபாளி எல்லாம் உண்டு, தமிழை நான் பார்க்கவில்லை. இந்தி தெரிந்தவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். தானியங்கி சலவைக் கடைகளும் இப்போது நிறைய வந்துவிட்டன. ஆக்டோபஸ் கார்டை (பஸ், ரயில், கடை எல்லாவற்றுக்கும் பணம் கட்ட அங்கே வைத்திருக்கும் கார்டு) தட்டினால் போதும், யாரோடும் பேச வேண்டியதில்லை. சூட்டையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மெஷின் நின்றதும் பக்கத்தில் இல்லாவிட்டால் அடுத்து வந்தவர் நம் ஈரத்துணியை எடுத்து மேலே குவித்துவிட்டுத் தன் துணியைப் போட்டுவிடுவார். அவரிடம் சண்டை போடவும் கான்டனீஸ் வேண்டும்.

சுருங்கிப்போன சட்டைகளை ஷாம் ஷுய் போவிலேயே துணி ஆல்டர் செய்யும் ஒரு தாத்தாவிடம் எடுத்துப் போனேன். ஒற்றைத் தையல் மெஷின், மாடிப்படிக்கு அடியில் கடை. ஆல்டர் செய்வது 'கோய் ஸாம்'. கையை வெட்டி அரைக்கை ஆக்கித் தந்தார், இரண்டு சட்டை தேறியது, ஒன்றுக்கு 40 டாலர். பேன்ட் கீழ்மடிப்புக்கு 'கோய் ஃபூ கோக்' என்று சொல்ல வேண்டும். மறக்காமல் பேன்ட்டைத் துவைத்துக் காயவைத்த பிறகு கொடுங்கள், முதல் சலவையில் எப்படியும் சுருங்கும்.

கடைசியாக, சீனப் புத்தாண்டு. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அதற்கு முந்தைய வாரம் எல்லாரும் வீட்டைச் சுத்தம் செய்து ரஜாய், திரைச்சீலை வரை கொண்டுவந்து குவிப்பார்கள். எங்கள் தெருக் கடை அந்த வாரம் புதுத் துணி வாங்கவே இல்லை. புத்தாண்டு தொடங்கியதும் சில நாள் கதவையே திறக்க மாட்டார்கள். நாலு நாளைக்கு மேல் தாங்கும்படி உள்ளாடையும் சாக்ஸும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் சட்டைகளைப் பத்து நாள் முன்பே கொடுத்து வாங்கிவிடுங்கள்.